இருட்டுக்கு எல்லை போட்ட செலின்

அன்று செவ்வாய்க்கிழமை. மட்டக்களப்பில், கல்லடியிலுள்ள எங்கள் கண் சிகிச்சை நிலையத்தில் காலை நோயாளரைப் பார்த்து முடித்துவிட்டு, கதிரவெளிக் கிளையின் நோயாளருக்காகக் கணினித் திரைக்கு முன் உட்கார்ந்தேன். வழமைபோல அங்குள்ள தாதி தவமணி திரையில் வந்தார். அவருடைய இரண்டு கண்களும் சிவந்திருந்தன. கண் வைத்தியருக்கு எதற்கும் முதல் கண்தான் தெரியும். "என்ன மிஸ்ஸி, கண்நோய் தொத்திட்டா?" என்று கேட்டேன். அவர் இல்லையென்று தலையாட்டினார்.

"ஒங்கட போன் நிப்பாட்டியிருக்காம் டொக்டர். செலின் மிஸ்ஸிட தம்பி எனக்கு எடுத்தவர். மிஸ் இண்டைக்குக் காலையில போயிட்டாவாம்."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தவமணியின் இமையோரத்தில் தேங்கி நின்ற நீர் கூடத் துலக்கமாகத் தெரிந்தது. கதிரவெளி இருக்கும் வாகரைக் கரையோரத்திலிருந்து வரும் படத்தில் அவ்வளவு தெரிவதற்குக் காரணமானவர் செலின். அன்றைக்கு அங்கே காத்திருந்த எல்லோரையும் பார்த்து முடித்த பிறகுதான் நான் எழுந்தேன். இடையில் எழுந்து போயிருந்தால் செலின் அதை ஒரு மரியாதையாக எடுத்திருக்க மாட்டார்; ஏசியிருப்பார்.

செலினின் நண்பர்களே, அவரை உங்களில் பலர் பலவிதமாக அறிவீர்கள். ஐரோப்பிய மூதாதையர் வழிவந்த நகரத்துப் பறங்கியர் குடும்பத்துப் பெண்ணாக, தேவாலயத்தில் எல்லோரையும் விட உரத்துப் பாடுகிறவராக, மாமாங்கத் திருவிழாவுக்கு ஆண்டு தவறாமல் அமிர்தகழிக்குப் போய்க் கை நிறைய வளையல் வாங்குகிறவராக. எனக்குத் தெரிந்தவர் வீடியோப் படங்களைச் சுருக்கும் பொறியியலாளரான செலின். கொழும்பிலும் பிறகு வெளிநாட்டிலும் பல வருடம் அந்த வேலையில் இருந்துவிட்டு, தாயார் காலமான பின் தகப்பனாரோடு இருப்பதற்காக ஊர் திரும்பியவர். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு வேலையைத் தொடர்ந்தார். அவர் என்ன செய்தார் என்பது உங்களில் சிலருக்கு இன்னும் சரியாகத் தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் சந்தித்தது அவருடைய தகப்பனாரின் வெண்புரையால். அவரைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து செலின் வரிசையில் உட்கார்ந்திருந்த நேரம், வெளியே ஒரு பெண் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கதிரவெளியிலிருந்து வந்தவர். முதல்நாள் வீடியோவில் அவருடைய கண்மணியின் இருட்டுக்குள் ஒரு சிறு வெள்ளைப் புள்ளியைக் கண்டேன். கிருமிப் புண்ணாக இருக்கலாம் என்று பயந்து உடனே வரச் சொன்னேன். கடலுக்குப் போன புருசனுக்குச் சோறு கூட வைக்காமல் பஸ் ஏறி வந்திருந்தார். நேரில் பார்த்தால் கண் பளிங்கு போலச் சுத்தமாக இருந்தது.

"என்ட கண்ணில ஒண்டுமில்ல எண்டு சொல்லவா டொக்டர் இவ்வளவு தூரம் என்னை இழுத்தடிச்சீங்க?" என்று அவர் கேட்டார்.

அவர் போனதும் செலின் உள்ளே வந்தார். தகப்பனாரைக் கதிரையில் இருத்திவிட்டு, "டொக்டர், அந்தப் படம் பதிவாகி இரிக்கா? எனக்குக் காட்ட ஏலுமா?" என்றார். யாருடைய கண் என்று தெரியாதபடி அந்த இடத்தை மட்டும் பெருப்பித்துக் காட்டினேன். வைத்தியக் கருவியிலிருந்து மெல்லிய கீற்றாக விழும் வெளிச்சம், அதன் ஓரத்தில் இருட்டு, இருட்டுக்குள் அந்த வெள்ளை. ஒரு தரம் பார்த்தார். திரும்ப ஓடவிட்டு இன்னொரு தரம் பார்த்தார்.

"இது கண் வருத்தமில்ல டொக்டர். இது எங்கட தொழில் செய்த வேலை."

தகப்பனார் சிரித்தார். "இவ படத்தைச் சுருக்கிற ஆள், டொக்டர். படத்தைச் சுருக்கி என்ன பிரயோசனம் எண்டு நானும் கேட்டுக் கேட்டுப் பார்க்கிறன், இன்னும் விளங்கல்ல."

"விளங்கும் பப்பா. இண்டைக்கு விளங்கும்," என்றார் செலின்.

அன்று அவர் சொன்ன விளக்கத்தை நான் பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கணினிக்கு ஒரு படம் என்பது புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் எண்கள். வெளிச்சத்தைச் சொல்லும் எண் சுத்தக் கறுப்புக்குப் பூச்சியம், சுத்த வெள்ளைக்கு இருநூற்று ஐம்பத்தைந்து. இத்தனை எண்களையும் அப்படியே அனுப்புவதற்குக் கதிரவெளியின் சிக்னல் தாங்காது. ஆகவே மறுமுனையிலுள்ள கணினியை முந்திய படத்திலிருந்து அடுத்ததை ஊகிக்க விட்டு, ஊகத்துக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் அனுப்புகிறார்கள். அதையும் இடம் மிச்சம் பிடிப்பதற்காக மழுங்கடித்தே அனுப்புகிறார்கள். மறுமுனை இரண்டையும் கூட்டும்போது, கமரா காணாத எண்கள் சில பிறந்துவிடுகின்றன. பளிச்சென்ற வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவிலுள்ள ஓரத்தில் இது இன்னும் மோசம்.

"கண்மணியில இருட்டுத்தானே இரிக்கி," என்றார் செலின். "அந்த இடத்தில எண் இருபதுக்கும் நாப்பதுக்கும் இடையிலதான் நிக்கிது எண்டு வைங்க. அங்க நூறு எண்டு ஒரு புள்ளி வந்தா அது பொய். அனுப்பக்குள்ளயே 'இந்த இடத்தில இருபதுக்குக் கீழ இறங்காத, நாப்பதுக்கு மேல ஏறாத' எண்டு சொல்லிட்டம் எண்டா, பொய் அங்கயே வெட்டுப்பட்டிரும். மறுகா அதைத் திருத்த வேற தகவல் அனுப்பத் தேவையில்ல. அடுத்த படமும் சுத்தமான படத்திலயிருந்து ஊகிக்கப்படும். எல்லையைச் சொல்ல ரெண்டே ரெண்டு எண்தான் செலவு."

"இது நீங்க கண்டுபிடிச்சதா?" என்று கேட்டேன்.

"சீ. முழுப் படத்துக்கும் எல்லை போடுற யோசனை எங்கட துறையில முதலே இரிக்கி. ஆனா கண்ணுக்கு அது காணாது. ஒரே படத்தில வெளிச்சக் கீற்றும் இரிக்கி, கும்மிருட்டும் இரிக்கி. படத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சு, துண்டுக்கொரு எல்லை போடோணும். அதை நான் செய்வன். நான் கெட்டிக்காரி, டொக்டர்."

இந்தக் கடைசி வசனத்தை அவர் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. ஒருவர் தன்னுடைய இரத்த வகையைச் சொல்வதைப் போலச் சொன்னார். செலினை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. பெண்கள் கெட்டிக்காரத்தனத்தை மூடி வைக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிற ஊரில், அவர் அதைத் திறந்தே வைத்திருந்தார். இல்லாத கெட்டிக்காரத்தனத்தை அவர் ஒருபோதும் சொன்னதில்லை, இருப்பதை மறைத்ததுமில்லை.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் எங்களிடம் வரத் தொடங்கினார். சில நாட்களில் பஸ்ஸில் கதிரவெளிக்கே போய்விடுவார். அங்கே கருவியின் தாங்கியில் நாடியை ஊன்றி, தன்னுடைய கண்ணையே பரிசோதனைக்குக் கொடுத்து உட்கார்ந்திருப்பார். "செலின் மிஸ்ஸிட கண்ணில உள்ள ஒவ்வொரு நரம்பும் எனக்கு இப்ப பாடம்," என்பார் தவமணி. படம் நன்றாக வந்தது. நாங்கள் எல்லோரும் சந்தோசப்பட்டோம். ஒரு நாள் செலின் திடீரென்று எழுந்து, தவமணியை அந்தக் கதிரையில் உட்காரச் சொன்னார். செலினுடையது மூதாதையர் தந்த இளஞ்சாம்பல் நிறக் கண். தவமணியுடையது கருங்கண். செலினின் கண்ணை அளந்து போட்ட எல்லையில், தவமணியின் விழி வளையத்துக்கும் நடுவிலுள்ள கண்மணிக்கும் இடையே இருந்த வேறுபாடு படத்தில் கரைந்து போயிற்று.

"பார்த்தீங்களா கா? என்ட கண்ணை வச்சு ஒங்கட கண்ணை அளந்துகொண்டு இருந்திரிக்கன்," என்றார். அத்தோடு தன் கண்ணை வைத்து எடுத்த அளவுகள் எல்லாவற்றையும் தள்ளி வைத்தார்.

மறுமுறை போனபோது கதிரவெளியிலிருந்து கடலுக்கும் சேனைப் பயிர்ச்செய்கைக்கும் போகிறவர்களை வரச் சொல்லிக் கேட்டார். தேத்தண்ணியும் பணிசும் கொடுத்து ஒவ்வொருவரின் சம்மதத்தோடும் கண்ணைப் பதிவு செய்தார். வயதான மீனவர் ஒருவர், "எங்கட கண்ணுக்குள்ள அப்படி என்ன பிள்ள இரிக்கி?" என்று கேட்டாராம். "இருட்டு, அப்பு. நல்ல வடிவான இருட்டு," என்று செலின் சொன்னாராம். அந்த மனிதர் ஊர் முழுக்க அதைச் சொல்லித் திரிந்ததாகத் தவமணி சொன்னார்.

எங்களுடைய வீடியோச் சேவை அப்போது தொங்கிக்கொண்டிருந்தது. பணம் தந்த அமைப்பினர், படத்தை நம்ப முடியாவிட்டால் கதிரவெளிக் கிளையை மூடிவிடலாம் என்ற எண்ணத்தில் இருந்தார்கள். ஆகவே செலினின் வேலையைக் காட்டுவதற்கு ஒரு கூட்டம் வைத்தோம். அமைப்பின் ஆட்கள் வந்தார்கள். இதை வாங்கித் தங்களுடைய கருவிகளில் சேர்க்க விரும்பிய ஒரு நிறுவனத்தின் பிரதிநிதியும் வந்தார். பழைய முறையில் அனுப்பிய படத்தையும் செலினின் முறையில் அனுப்பியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டோம். பழையதில் இருட்டுக்குள் வெள்ளைப் பொட்டுகள் நுளம்பு போலப் பறந்தன. செலினுடையதில் இருட்டு இருட்டாகவே இருந்தது. தகவலின் அளவும் குறைந்திருந்தது. கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

"நிப்பாட்டுங்க," என்றார் செலின்.

படத்தைப் பின்னால் நகர்த்தினார். அதில் இருந்தவருக்குக் கருவிழியில் பழைய புண்ணின் வெள்ளைத் தழும்பு ஒன்று இருந்தது. அவர் கண்ணை ஒரு பக்கம் திருப்பும்போது அந்தத் தழும்பின் ஓரம், ஒரு கண் சிமிட்டும் நேரத்துக்குச் சாம்பல் நிறமாக மங்கிப் பிறகு திரும்பி வந்தது. நாங்கள் ஒருவரும் அதைக் கவனித்திருக்கவில்லை. இடம் மிச்சம் பிடிப்பதற்காக ஒரு தடவை சொன்ன எல்லையை அடுத்து வரும் சில படங்களுக்கும் அப்படியே வைத்திருந்தார் செலின். இருட்டுக்கென்று எல்லை போட்ட துண்டுக்குள் கண் அசைந்து வெள்ளைத் தழும்பு நுழைந்ததும், அதையும் பொய் என்று வெட்டிவிட்டிருக்கிறது.

"இல்லாத வெள்ளையை எடுத்திட்டன். அதோட இருந்த வெள்ளையையும் எடுத்திட்டன். இதை இண்டைக்கு ஒருத்தருக்கும் தர ஏலாது," என்றார்.

நிறுவனத்துப் பிரதிநிதி நல்ல மனிதர்தான். "மிஸ், அது ஒரு செக்கன் கூட இல்லையே. யார் காணப் போகிறார்கள்?" என்று கேட்டார்.

"நான் கண்டுட்டன் தானே," என்றார் செலின்.

கதிரவெளிக் கிளை அந்த நிமிடத்திலேயே கைவிட்டுப் போனதாக நினைத்தேன். செலின் அமைப்பின் ஆட்கள் பக்கம் திரும்பினார். பிழை எங்கே என்று தெரியும், திருத்தவும் தெரியும், மாரிமழைக்கு முன் இன்னொரு தரம் வாருங்கள் என்றார். கெஞ்சவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களுள் மூத்தவர் சொன்னது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது: "தன்ட பிழையைத் தானே எழும்பி நிண்டு காட்டுறவவை நம்பலாம். மழைக்கு முன்னம் வாறம்." நிறுவனத்துப் பிரதிநிதி திரும்பி வரவில்லை. அதற்காகச் செலின் ஒரு நாளும் வருந்தி நான் கண்டதில்லை.

திருத்தம், கேட்பதற்கு எளிமையானது. அனுப்புகிற கணினியே மறுமுனை செய்யப்போவதைத் தானும் செய்து பார்க்கும். ஒவ்வொரு படத்துக்கும் பார்க்கும். எல்லை வெட்டுவது பொய்யையா, கமரா உண்மையில் கண்டதையா என்று மூலப் படத்தோடு ஒப்பிடும். உண்மையை வெட்டுகிறது என்றால் அந்தத் துண்டின் எல்லையை அக்கணமே திறந்துவிடும். திறந்த இடத்தைச் சுற்றித் திரையில் ஒரு பச்சைக் கோடு தெரியும். அந்தப் பச்சைக் கோடு எனக்காகவே போடப்பட்டது. "படத்தில் எது எப்போது மாறுகிறது என்று வைத்தியருக்குத் தெரிய வேண்டும்" என்று நான் சண்டை பிடித்து வாங்கியது. இதனால் மிச்சம் பிடித்த தகவலில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. செலினுக்கு அதில் மனவருத்தம் இருந்தது. தன் தொழிலில் ஒவ்வொரு துளியையும் எண்ணுகிறவர் அவர். ஆனாலும் கொடுத்தார். அமைப்பினர் சொன்னபடி வந்தார்கள், பார்த்தார்கள், கிளை தப்பியது.

அந்த மாரிகாலத்தில்தான் செலினுக்குப் புற்றுநோய் என்று தெரிய வந்தது. சிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போயிருந்தார்.

மழை விடாமல் பெய்த ஒரு முற்பகல். வாகரைப் பாதையில் வெள்ளம் குறுக்கறுத்து ஓடியது, பஸ் இல்லை. தவமணி எப்படியோ கிளையைத் திறந்து என்னைத் திரையில் அழைத்தார். கருவிக்கு முன்னால் இராசம்மா என்ற பெண் இருந்தார். சேனையில் சோளன் முறிக்கும்போது இலை கண்ணில் வெட்டியிருக்கிறது. அயலில் யாரோ கொடுத்த மருந்தை விட்டிருக்கிறார், நோவு குறையவில்லை. சிக்னல் அறுந்து அறுந்து வந்தது. வெளிச்சக் கீற்றின் ஓரத்தில், இருட்டுக்குள், ஓரங்கள் இறகு போலப் பிரிந்த ஒரு சிறு வெள்ளை தெரிந்தது. அது உண்மையானால் பூஞ்சணப் புண். அயலார் கொடுத்த மருந்து அதற்கு எண்ணெய் ஊற்றியதாகிவிடும். உடனே நிறுத்தி, நகரத்துக்குக் கொண்டுவந்து, புண்ணில் சிறிது சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்த்து மருந்து தொடங்க வேண்டும். பொய்யானால், ஒரு பெண்ணை ஒன்றுமில்லாத ஒன்றுக்காக வெள்ளத்தில் இறக்கிவிட்டவள் நான்.

வெள்ளையைச் சுற்றிப் பச்சைக் கோடு தெரிந்தது. இருந்தும் செலினுக்குப் போன் எடுத்தேன். குரல் களைத்திருந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"பச்சை விட்டு விட்டு வருதா, நிண்டு வருதா?"

"நிண்டுதான் வருது."

"கண்ணை அசைக்கச் சொல்லுங்க. வெள்ளையோட சேர்ந்து அதுவும் போகுதா?"

தவமணி சொல்ல இராசம்மா கண்ணை அசைத்தார். பச்சைக் கோடும் சேர்ந்தே போனது.

"அப்ப அது கமராவுக்கு முன்னால இரிக்கிற வெள்ளை, டொக்டர். நான் செய்த வெள்ளை இல்ல. நம்புங்க. என்ன வருத்தம் எண்டு சொல்லுறது ஒங்கட வேலை. அது அங்க இரிக்கி எண்டு சொல்லுறது என்ட வேலை. இரிக்கி."

இராசம்மாவை உழவு இயந்திரத்தில் ஏற்றி வெள்ளத்தைக் கடத்தினார்கள். அதன் இழுவைப் பெட்டிக்குள் நனையாமல் கிடந்த கச்சான் கடலை மூட்டைகளுக்கு நடுவே, கண்ணில் மூடி கட்டி, தவமணியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாராம். கல்லடிக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. சுரண்டிப் பார்த்தோம், பூஞ்சணம்தான். வாரக்கணக்கில் மருந்து விட்டோம். தழும்பு ஒன்று மிஞ்சியது. பார்வை மிஞ்சியது. இன்னும் சில நாள் பிந்தியிருந்தால் அந்தக் கண்ணை எடுக்க வேண்டி வந்திருக்கும்.

செலின் ஊருக்குத் திரும்பியதும் இராசம்மா அவரைப் பார்க்க வந்தார். வாவியைப் பார்த்த அவர்களுடைய வீட்டு விறாந்தையில் நானும் இருந்தேன். மருந்தினால் முடி கொட்டிய தலைக்குப் பூப்போட்ட துணி கட்டி, திருவிழா வளையல்களையும் போட்டுக்கொண்டு செலின் உட்கார்ந்திருந்தார். இராசம்மா கொண்டு வந்த அவித்த சோளனை அவரால் சாப்பிட முடியவில்லை, மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்கதானாம் என்ட கண்ணைக் காப்பாத்தின. டொக்டர் சொன்னவ," என்றார் இராசம்மா.

வேறு யாராக இருந்தாலும் நானா என்று கேட்டிருப்பார்கள். செலின் கேட்கவில்லை. "ஓம். நானும்தான்," என்றார். பிறகு, "எங்க, இஞ்ச பாருங்க," என்று இராசம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி அந்தக் கண்ணை வெகுநேரம் பார்த்தார். அதுவரை அவர் அந்தக் கண்ணைப் பார்த்ததே இல்லை. "என்ட பப்பா இப்ப இரிந்தா விளங்கியிருக்கும்," என்றார் என்னிடம். தகப்பனார் அதற்கு முந்திய வருடம் காலமாகிவிட்டார். இரண்டு பெண்களும் அழுதார்கள். நான் வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தன் முறையை அவர் எவருக்கும் விற்கவில்லை. யாரும் எடுத்துப் பாவிக்கும்படி வெளியிட்டார். அதைப் பற்றி வெளிநாட்டு அறிஞர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் இணையவழி பேசியபோது, தனக்கு முன் இந்த யோசனையில் வேலை செய்தவர்களைப் பற்றியே முதலில் சொன்னார். அதன் பிறகு, "இனி நான் செய்ததைச் சொல்கிறேன்; இது நன்றாக இருக்கிறது," என்று ஆங்கிலத்தில் சொன்னார். கல்லடியில் எங்கள் காத்திருப்பு அறையில் அதைத் திரையிட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நோயாளர்களுக்கு ஒரு சொல் விளங்கவில்லை. ஆனாலும் எல்லோரும் கை தட்டினார்கள். இப்போது நாங்கள் பெயர் கேள்விப்படாத ஊர்களின் கண் கிளைகளிலிருந்தும் கேள்வி கேட்டு எழுதுகிறார்கள். பதில் எழுதும்போது, இதைச் செய்தவர் மட்டக்களப்பைச் சேர்ந்தவர் என்பதையும் நான் சேர்த்து எழுதுகிறேன். அவர்கள் கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

கடைசியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. நோய் திரும்பி வந்தபோது செலின் என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்கள் ஆறுதலாகப் பேசியிருந்தார்கள், தெளிவாகப் பேசியிருக்கவில்லை. ஸ்கேன் படங்களை என் கையில் தந்தார்.

"இது ஒங்கட துறை இல்ல எண்டு தெரியும். எண்டாலும் நீங்க டொக்டர்தானே. என்ன தெரியுது எண்டு சொல்லுங்க. தெரியாததைத் தெரியாது எண்டு சொல்லுங்க. நடுவில ஒண்டும் வேணாம்."

பார்த்தேன். நோய் ஈரலுக்குப் பரவியிருப்பது தெரிந்தது. சொன்னேன். எவ்வளவு காலம் என்று கேட்டார். தெரியாது என்று சொன்னேன். அது உண்மை. அவர் என் கையைப் பிடித்து, "நல்லாச் சொன்னீங்க," என்றார். வைத்தியத் தொழிலில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதற்கு மேலான ஒன்று இல்லை. மறுநாளே வேலைகளை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். யார் எதைத் தொடர வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தார். தம்பியோடு பழைய சண்டை ஒன்றைத் தீர்த்தார். அடக்கத்துக்கு எந்தப் பாட்டு வேண்டும் என்பதையும், எது வேண்டாம் என்பதையும் சொல்லி வைத்தார். அவர் வேண்டாமென்ற பாட்டை நாங்கள் பாடவில்லை.

நண்பர்களே, நீங்கள் ஒவ்வொருவரும் அவரிடமிருந்து ஏதோ ஒன்றை எடுத்து வைத்திருப்பீர்கள். நான் வைத்திருப்பது தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் துணிவை. சென்ற வாரம் கதிரவெளியிலிருந்து ஒரு மனிதர் திரையில் வந்து, தன் பார்வை திரும்புமா என்று கேட்டார். முன்பென்றால் ஏதாவது ஆறுதல் சொல்லி அனுப்பியிருப்பேன். "எனக்குத் தெரியல்ல ஐயா. நேரில வாங்க, பார்த்துச் சொல்லுறன்," என்றேன். அவர் தவமணி பக்கம் திரும்பி, "நாளைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு மிஸ்ஸி?" என்று கேட்டார்.